இங்கிலாந்தில் முதன்முறையாக மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் எப்படி இருக்கும்?

மேற்படிப்புக்காகத் திருப்பூரிலிருந்து இங்கிலாந்து செல்லவிருப்பதாகவும், அங்கே உடம்புக்கு முடியாமல் போனால் தனியாக எப்படிச் சமாளிப்பது என்று அச்சமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் பெருந்துறைப் பக்கத்தைச் சேர்ந்தவன். 2019 நவம்பரில், இங்கிலாந்தின் வடபகுதியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட நிறையாத நேரத்தில், குடல்வால் அழற்சியோடு அங்கே ஒரு மருத்துவமனைக்குப் போனேன். கட்டணம், விசா விதி எல்லாவற்றையும் முன்பே படித்து வைத்திருந்தேன். ஆனால் என் வலியை நானே எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த இரவில் என்னைத் தவிக்கவிட்டது அதுதான்.

நம் ஊரில் நோயாளி பேசுவது குறைவு. ஈரோட்டுக்கோ கோவைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடவே அம்மாவும் மாமனும் வருவார்கள். மருத்துவர் நம்மைப் பார்த்துக் கேட்பார், பதிலை அம்மா சொல்வார். எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டான், எத்தனை முறை வாந்தி எடுத்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை நாம் தலையசைத்துக்கொண்டிருந்தால் போதும். இருபத்தாறு வயதுவரை நான் அப்படித்தான் இருந்தேன்.

அன்று மாலை தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது. வாயுவாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் வைத்துக் குடித்தேன். அதுவும் வாந்தியாக வந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு நகர்ந்திருந்தது. 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்தேன். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. அந்த அளவுக்கு இல்லை, ஆனால் காத்திருக்கவும் முடியாது என்றால் 111. அவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்டுவிட்டு, அவசரப் பிரிவுக்கு நேரில் போகச் சொன்னார்கள்.

அவசரப் பிரிவில் முதலில் ஒரு செவிலியர் பார்ப்பார். யார் முதலில் வந்தார் என்பதை வைத்து அங்கே அழைப்பதில்லை. யாருடைய நிலை மோசம் என்று அவர் கணிப்பதை வைத்தே அழைப்பார்கள். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டார். வலியைப் பெரிதுபடுத்திச் சொல்வது நம் பக்கத்தில் பிடிக்காத வழக்கம் அல்லவா? "நான்கு" என்றேன். கூடவே ஒரு புன்னகையும் செய்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் மீது தவறு இல்லை. நான் சொன்னதை அவர் நம்பினார்.

இரவு ஒரு மணிக்கு அம்மாவை அழைத்தேன். நம் ஊரில் அப்போது காலை ஆறரை. சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தார். நான் அழவில்லை என்றாலும் குரலிலேயே கண்டுகொண்டு, "நிமுந்து நிக்க முடியுதா சாமி?" என்று கேட்டார். முடியவில்லை என்றேன். "பச்சத் தண்ணியாவது எறங்குச்சா?" இல்லை என்றேன். "அத அவுங்ககிட்டச் சொன்னயா?" சொல்லியிருக்கவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அம்மா கேட்ட அதே இரண்டு விஷயங்களையும், வலி இடம் மாறியதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்: மாலையிலிருந்து தண்ணீர்கூடத் தங்கவில்லை, நேராக நிற்க முடியவில்லை, வலி நடுவில் தொடங்கி வலப்பக்கம் போயிருக்கிறது. செவிலியர் முகம் மாறியது. மறுபடியும் காய்ச்சலும் நாடித்துடிப்பும் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் திரைச்சீலை போட்ட ஒரு கட்டிலில் இருந்தேன். ஆகவே உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: எண் கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள், கூடவே அந்த வலியால் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். நடக்க, நிற்க, தூங்க, விழுங்க முடியவில்லை என்றால் அதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் வயிற்றை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். அழுத்தும்போது இருந்ததைவிட எடுக்கும்போதுதான் உயிர் போனது. அது எப்படிப்பட்ட வலி என்று கேட்டார். சுண்டி இழுக்கிறது, கடுக்கிறது, முறுக்குகிறது, பிசைகிறது என்று மனதில் வந்த எதற்கும் எனக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்கவில்லை. நான் திணறுவதைப் பார்த்து, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அவரே கேட்டார். இது அங்கே இலவசம்; நாமாகவும் கேட்கலாம். ஆங்கிலம் தெரிந்தவர் கேட்பது கௌரவக் குறைவு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். ஒலிபெருக்கியில் வந்தது ஈழத்துத் தமிழ்ப் பெண்மணியின் குரல். "எங்க நோகுது எண்டு சொல்லுங்கோ தம்பி" என்றார். எங்கள் அமுச்சி, அம்மாவின் அம்மா, "வவுத்து நோவு" என்றுதான் சொல்லும். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன்.

காலையில் அறுவை சிகிச்சை. வயிற்றில் மூன்று சிறு துளைகள். ஒப்புதல் படிவத்தில் நீங்களே கையெழுத்திட வேண்டும். எதற்காக, என்ன ஆபத்து என்று நிதானமாக விளக்குவார்கள், புரியாததைத் திரும்பக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். நம் ஊரில் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து நிற்கும். அங்கே பார்வை நேரம் முடிந்ததும் வார்டு அடங்கிவிடும். முழு மயக்கம் கொடுத்திருப்பதால், அழைத்துப் போகவும் முதல் இருபத்து நான்கு மணி நேரம் உடனிருக்கவும் யார் வருவார் என்று கேட்டார்கள். சொல்ல எனக்கு ஒரு பெயரும் இல்லாமல், பேசிப் பழகாத அறைத்தோழனை அழைத்தேன். அவன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தான். நீங்கள் போன முதல் வாரத்திலேயே அப்படி ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள்; 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. அதைக் கட்டியவருக்கு மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தனியாகப் பில் வராது. இங்கிலாந்தில் வெளி மருந்துக் கடையில் வாங்கும் சீட்டு மருந்துக்கு, 2024 மே முதல், ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்டு.

இன்னும் இரண்டு. வீடு கிடைத்ததும் அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, அவசரமில்லாத பெரும்பாலானவற்றுக்கு முதலில் அவரிடம்தான் போக வேண்டும். அடுத்தது, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் உள்மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். டோலோ என்றால் அங்கே யாருக்கும் தெரியாது, பாராசிட்டமால் என்றால்தான் தெரியும். எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதை அந்தத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள். என்னிடம் அதை அன்று நான்கு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள்.