டேபிளா, சிஎஸ்எஸ்ஸா? சேலத்துக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுக் கடை): எங்கள் கடையின் இணையப் பக்கம் 2004இல் செய்தது. முழுக்க டேபிள், அதாவது கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கியது. கணினியில் நன்றாகத்தான் தெரிகிறது, எதற்கு மாற்றணும்?

பதில்: அண்ணா, அதையே உங்கள் போனில் திறந்து பாருங்கள். டேபிளில் ஒரு வரிசைக் கட்டங்கள் அருகருகேதான் நிற்கும். வாடிக்கையாளர் விரலால் இழுத்து இழுத்துப் படிக்கணும். ஸ்டைல்ஷீட் (எது எங்கே, எப்படித் தெரியணும் என்று சிஎஸ்எஸ் மொழியில் எழுதும் கோப்பு) என்றால் திரை சுருங்கும்போது ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கிவிடலாம். செய்தவரைத் திட்டாதீர்கள். சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது, ஆனால் பிரவுசர்கள் பல வருடம் ஆளுக்கொரு விதமாகக் காட்டின. நானும் டேபிளுக்குள் டேபிள் சொருகி, இடைவெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படம் வைத்த ஆள்தான். ஒரு கட்டத்தை மூட மறந்தால் பக்கமே சாயும். ராத்திரி இரண்டு மணிக்கு அதைத் தேடியவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

கேள்வி (லீ பஜார், ஜவ்வரிசி வியாபாரம்): அப்படியானால் விலைப்பட்டியலையும் டேபிளில் போடக் கூடாதா?

பதில்: ஐயோ, அதற்குத்தானே டேபிள்! ரகம், மூட்டை எடை, விலை எல்லாம் டேபிளிலேயே இருக்கட்டும். தலைப்புக் கட்டங்களை டிஹெச் (th) குறியில் போடுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் விலையோடு அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதையும் சொல்லும். கட்டத்தின் கோடு, நிறம் மட்டும் ஸ்டைல்ஷீட்டில்.

கேள்வி (ஏற்காடு, காட்டேஜ்): இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் படங்கள் வேண்டும். ஃப்ளோட் (ஒன்றை இடமோ வலமோ ஒதுக்கும் சிஎஸ்எஸ் வழி) போட்டால் நழுவுகிறது.

பதில்: அக்கா, சிஎஸ்எஸ்ஸில் நெடுக்கும் குறுக்குமாக இடம் பிரிக்கும் கிரிட் போடுங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அறை, வாடகை, போன் எண் என்று படிக்கிற வரிசையில் எழுதிவிட்டு, எது எங்கே நிற்கணும் என்பதை ஸ்டைல்ஷீட்டில் சொல்லுங்கள். அந்தக் கோப்பை பிரவுசர் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு மற்ற பக்கங்களுக்கும் அதையே பயன்படுத்தும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிக்கொண்டே, விட்டு விட்டு வரும் சிக்னலில் தேடுபவருக்கு அது பெரிய உதவி.

கேள்வி (கல்லூரி மாணவர்): சிஎஸ்எஸ்ஸில் பக்கத்தை அடுக்க ஃப்ளெக்ஸா, கிரிட்டா?

பதில்: ஒரே வரிசை என்றால் ஃப்ளெக்ஸ். நெடுக்கும் குறுக்கும் சேர்ந்து அமையணும் என்றால் கிரிட்.

கேள்வி (அம்மாபேட்டை, துணிக்கடை): தீபாவளி ஆஃபர் மின்னஞ்சல் ஜிமெயிலில் சரி, அவுட்லுக்கில் சிதறுகிறது.

பதில்: இங்கே மட்டும் நான் கட்சி மாறுவேன், டேபிள்தான். விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்தே வேர்டின் எஞ்சினை வைத்துத்தான் மின்னஞ்சலைக் காட்டுகிறது. அதற்கு கிரிட், ஃப்ளெக்ஸ் எதுவும் புரியாது. டேபிள் குறியில் ரோல் என்பதற்கு பிரசன்டேஷன் (role="presentation") என்று கொடுத்துவிடுங்கள், திரைவாசிப்பான் அதைத் தகவல் அட்டவணை என்று நினைக்காது. அப்புறம், எல்லோருக்கும் தட்டிவிடும் முன்பு அவுட்லுக் வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.