ஈரலுக்கு ஈரல் மருந்தா?

கேள்வி: எங்கள் நாய்க்கு ஏழு வயது, எடை நாலு கிலோ. கல்லீரலில் கட்டி இருந்த ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. சோற்றில் கோழிக்கறி பிசைந்து வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கல்லீரல் நோய்க்குக் கறியே ஆகாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஈரலுக்கு ஈரல்தான் மருந்து என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், ஈரல் வேண்டாம். அதில் செம்புச் சத்து அதிகம். அதை வெளியேற்றும் வேலையும் கல்லீரலுடையதுதான்; இப்போது அந்தச் சுமை எதற்கு?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது வேறு நாய்களுக்குப் பொருந்தும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் பக்கவழியாகப் போய்விடும். புரதத்திலிருந்து வரும் அம்மோனியா கல்லீரலில் சுத்தமாகாமல் போய் மூளையைக் குழப்பும் என்பதால், அவற்றுக்கு அறுவை முடிந்த பிறகும் கொஞ்ச காலம் புரதத்தை அளந்துதான் கொடுப்போம். உங்கள் நாயின் கதை அது இல்லை. வெட்டிய கல்லீரல் வளரவும் தையல் ஆறவும் புரதம் வேண்டும். உங்கள் மருத்துவர் குறைக்கச் சொன்னால் மட்டும் குறையுங்கள்.

என் கவலையெல்லாம் அந்த இரண்டு வாய்தான். பசி நேரத்துக்கென்று சர்க்கரையைச் சேர்த்து வைப்பது கல்லீரல். நாலு கிலோ உடம்பில் சேமிப்பே கொஞ்சம், அதிலும் ஒரு பகுதி போய்விட்டது. அதனால் இரண்டு வேளைச் சாப்பாட்டை மறந்துவிட்டு, ஆறாகப் பிரியுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒன்று கட்டாயம்.

இந்த எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி என்பது முதல் இலக்கு. தோலில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 60 கிராம், குழைந்த சோறு 75 கிராம் என்றால் ஏறக்குறைய வந்துவிடும். வேளைக்கு ஒன்றரை மேசைக்கரண்டிதான். பல நாளாகச் சரியாகத் தின்னாத நாய்க்கு முதல் நாளே முழுதும் வைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பித்து மூன்று நாளில் ஏற்றுங்கள். வெங்காயம், பூண்டு, எண்ணெய் கூடாது. இது சில நாள் ஏற்பாடுதான். இதிலேயே மாதக்கணக்கில் ஓட்டினால் கால்சியம் முதல் பலதும் குறையும்.

உணவு உள்ளங்கைச் சூட்டில் இருந்தால் வாசனை எழும். தட்டையான தட்டில் வையுங்கள். தையலை நக்காமலிருக்க மாட்டும் கழுத்துக் கூம்பு ஆழக் கிண்ணத்தில் முட்டிக்கொள்ளும். அப்புறம், தட்டருகே வந்ததும் உதட்டை நக்குகிறதா, எச்சில் விழுங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அடம் இல்லை, குமட்டல். கெஞ்சிப் பயனில்லை, மருந்து கேளுங்கள். வாயைத் திறந்து திணிக்கவே கூடாது, புரையேறும்.

மாத்திரையை உணவில் ஒளிக்கும் தந்திரமும் இப்போது வேண்டாம். என் சொந்த நாய்க்கு ஒரு கசப்பு மாத்திரையை அவித்த முட்டைக்குள் வைத்தேன். நாய் மருத்துவர் செய்கிற வேலையா அது! மாத்திரையைத் துப்பியது சரி, அதற்கப்புறம் பல மாதம் முட்டையைக் கண்டாலே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை தெரிந்தால் ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஈறு மஞ்சளானாலும், வயிறு உப்பினாலும், வாந்தி நிற்காவிட்டாலும் அப்படித்தான்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று நாளாக இரண்டு வாய் என்பது போதாது. அறுவை செய்தவரை இன்றே அழையுங்கள். எத்தனை கரண்டி உள்ளே போனது, எப்போது வாந்தி வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘கொஞ்சம் சாப்பிட்டுச்சு டாக்டர்’ என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.