உளுந்து வேரில் முடிச்சு ஏன் இல்லை?

கேள்வி: இறவையில் உளுந்து விதைத்து 25 நாள் ஆகிறது. விதையில் ரைசோபியம் (வேர்முடிச்சு பாக்டீரியா உரம்) கலந்திருந்தேன். அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, ஒரு மூட்டை யூரியா இட்டேன். செடி கரும்பச்சையாக நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை. மறுபடி ரைசோபியம் இடலாமா?

பதில்: இப்போது வேண்டாம், பலன் கிடைக்காது. 50 கிலோ டிஏபியில் 9 கிலோ, 45 கிலோ யூரியாவில் ஏறக்குறைய 21 கிலோ என மொத்தம் 30 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போயிருக்கிறது. இறவை உளுந்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ போதும்.

முடிச்சு, ரைசோபியத்தின் துணையோடு காற்றின் தழைச்சத்தைப் பிடிக்க, செடி தன் சர்க்கரையைச் செலவழித்துக் கட்டும் உறுப்பு. மண்ணிலேயே நைட்ரேட் (வேர் உறிஞ்சும் தழைச்சத்து வடிவம்) கிடைத்தால் அந்தச் செலவை அது செய்யாது. பாக்டீரியாவின் சமிக்ஞை வந்ததும் வேரில் 'நின்' என்ற மரபணு விழித்து, வேர்ப்பட்டைச் செல்களைப் பிரிந்து பெருகவைக்கும். அதுவே முடிச்சின் தொடக்கம். நைட்ரேட் மிகுந்தால் 'என்எல்பி' புரதங்கள் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, நின் தூண்டும் மரபணுக்களை அடக்கிவிடும். தழைச்சத்துக்குப் பசித்த செடியில் இலையிலிருந்து வேருக்கு ஒரு நுண் ஆர்என்ஏ இறங்கி, முடிச்சுக்குத் தடையாக உள்ள மரபணுவை ஒடுக்கும். வயிறு நிறைந்த செடியில் அதுவும் குறைந்துபோகும். குதிரைமசாலின் உறவான மெடிகாகோவிலும் லோட்டஸ் (தாமரை அல்ல, பயறுக் குடும்பச் செடி) என்ற செடியிலும் இந்த வழிகளை விரிவாகக் கண்டறிந்திருக்கிறார்கள்.

இனி மேலுரமாக யூரியா வேண்டாம். 35ஆம் நாளில் மறுபடி பாருங்கள், ஆனால் பிடுங்காதீர்கள்; பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் கட்டியோடு எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் மூப்படைந்துவிட்டது. விரலால் நெருடினால் முடிச்சு தனியே உதிரும். வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் அது நூற்புழு.

பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி தெளிக்கலாம். 4 கிலோவை இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடிகட்டி, 200 லிட்டராக்கினால் ஒரு ஏக்கருக்கு ஆகும். அதில் தழைச்சத்து முக்கால் கிலோகூட இல்லை, பயப்பட வேண்டாம்.

அடுத்த போகத்தில் டிஏபி 44 கிலோ, யூரியா 4 கிலோவோடு நிறுத்துங்கள். ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, 30 நிமிடம் நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையானால் 24 மணி நேரம் கழித்தே பூச வேண்டும்.