பதில்: பெயரில் இடைவெளி இருந்தால் காப்பி ஆகவில்லை

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக் கணக்கை பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில், 'பெங்களூரா வரவு' என்ற கோப்பு மட்டும் காப்பி ஆகாமல் 'பெங்களூரா' இல்லை, 'வரவு' இல்லை என்று தனித்தனியாகப் பிழை வருவதாகக் கேட்டிருந்தீர்கள்.

கோப்பில் கோளாறு இல்லை சார். கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப்புக்கு (for), கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையின் வெளியீட்டைக் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் (bash) அதை இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டிவிடும். எல்எஸ்ஸை எடுத்துவிட்டு வெறும் * (எல்லாக் கோப்பும் என்று பொருள்) போடுங்கள், பெயர் முழுசாக வரும். அப்புறம் காப்பி செய்யும் சிபி (cp) வரியில், கோப்புப் பெயரை வைத்திருக்கும் $ மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லையென்றால் அங்கே மறுபடி உடையும். ஒற்றை மேற்கோள் சரிப்படாது. மதிப்புக்குப் பதில் டாலர் குறியோடு மாறியின் பெயரே போய்விடும்.

சந்தேகம் இருந்தால் ஸ்கிரிப்டின் மேலே 'செட் -எக்ஸ்' (set -x) வரியைச் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டளையும் எப்படிப் பிரிந்தது என்று திரையிலேயே தெரியும்.