ஓடையில் இலை விழுந்தால் அழுக்கா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில், வீட்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் அகல ஓடை. இலை விழுந்து தண்ணீர் தேத்தண்ணி நிறமாகிறது. இறாலும் நத்தையும் குறைந்துவிட்டன. கரை மரங்களை வெட்டி, அடியையும் வாரினால் சரியாகும் என்கிறார் ஒரு குத்தகையாளர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த இலைதான் இறாலுக்குச் சோறு. விழுந்த ஓரிரு நாளில் சாயம் இறங்கும், அது அழுக்கல்ல. பிறகு பூஞ்சணம் படர்ந்து இலை மெத்தென்றாகும். அப்போதுதான் இறால், நண்டு, நத்தை, பூச்சிப் புழுக்கள் வந்து தின்னும். கல்லிடுக்கில் சிக்கிய இலையை எடுத்துப் பாருங்கள். சதை போய் நரம்பு மட்டும் வலைபோல் நின்றால் ஓடைக்கு உயிர் இருக்கிறது.

மரம் போனால் தண்ணீர் சுடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 டிகிரியில் 7.6 தான். அடியை வாரினால் பூச்சிகள் ஒட்டியிருக்கும் கல்லும் சேர்ந்து போகும்.

இறால் ஏன் குறைந்தது? மழை விட்டு மூன்று நாள் கழித்து, இரண்டு கைப்பிடி ஊறிய இலையை வெள்ளைப் பேசினில் அலசுங்கள். மூன்று வால் பூச்சியோ மணல்கூட்டுப் புழுவோ இருந்தால் நல்லது. சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் கழிவுநீர் கலக்கக்கூடும். ஓடை வரும் திசையில் மேலே நடந்து கழிவுநீர்க் குழாயைத் தேடுங்கள்.

மரம் வெட்ட எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தால் காட்டச் சொல்லிக் குத்தகையாளரிடம் கேளுங்கள். மரமும் மணலும் அவர் லாரியில் போகும், காசு உங்களுடையது! 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கும் இரு கரையிலும் 5 மீட்டர் ஒதுக்கு நிலம் விடச் சொல்கிறது நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் வழிகாட்டி. ஆனால் எத்தனை இடத்தில் செம்பனை தண்ணீர் விளிம்பிலேயே நிற்கிறது! ஆற்றுக்கு ஓர் அலுவலகம், நிலத்துக்கு ஒன்று, கழிவுநீருக்கு இன்னொன்று. புகார்க் கடிதம் சுற்றி வருவதற்குள் கரை சரிந்துவிடும்.

இலையை எடுக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு: சாலைக்கு அடியில் போகும் குழாயின் வாய். அங்கே கிளையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைத்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். தேங்கிய இலை கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அங்கே உயிர்வளி இல்லை. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வாரியால் இழுத்து, கரைக்கு மேலே போடுங்கள். குழாய் வாயை மட்டும். மேலே கல்லிடுக்கில் தங்கிய இலையைத் தொடாதீர்கள். வெட்டிய செம்பனை மட்டையையும் புல்லையும் ஓடைக்குள் தள்ளாதீர்கள். குவியலாக அழுகினால் அந்த நாற்றம்தான் மறுபடி வரும்.