ஊரில் பாதியில் நின்ற பி.காம். படிப்பை அமெரிக்காவில் தேர்வு எழுதியே முடிக்க முடியுமா?

முடியும். நான் முடித்திருக்கிறேன். திருநெல்வேலியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனது. கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே மீதியைப் படித்துப் பட்டம் வாங்கினேன். கணவர் வேலை விசாவில் இருப்பதால் கிடைக்கும் எச்4 விசா, கைக்குழந்தை, ஊரில் விட்ட பி.காம்., வகுப்புக்குப் போக வழியில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நிலைமையை வைத்தே பதில் சொல்கிறேன். எச்4-ல் இருப்பவர்கள் படிக்கத் தடை எதுவும் இல்லை. மத்திய அரசின் கல்வி உதவித்தொகை மட்டும் நமக்குக் கிடைக்காது. கைக்காசு போட்டுத்தான் படிக்க வேண்டும் என்பதால்தான் தேர்வு வழி நமக்கு இவ்வளவு முக்கியம்.

இங்கே படித்த பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கும் ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். ஆக, கிட்டத்தட்ட 40 பாடங்கள். அத்தனையையும் ஒரே கல்லூரியில் படித்துத்தான் ஆக வேண்டும் என்று எல்லாக் கல்லூரிகளும் சொல்வதில்லை. பாடம் தெரியும் என்று தேர்வில் காட்டினால் அதற்கும் கிரெடிட் தருவார்கள். நம் ஊரில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுகிறார்களே, அதைக் கல்லூரி அளவில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் அதிகம் பேர் எழுதுவது கிளெப் தேர்வு. எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்துகிற அதே காலேஜ் போர்டு 1967-லிருந்து இதையும் நடத்துகிறது. கல்லூரிக் கணிதம், கால்குலஸ், உளவியல், பொருளாதாரம், அமெரிக்க வரலாறு, நிதிக் கணக்கியல் என்று 34 பாடங்கள். பெரும்பாலானவை 90 நிமிடம், கம்ப்யூட்டரில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை. தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எந்தக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். மார்க் 20 முதல் 80 வரை. 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பின் பரிந்துரை. கட்டுரை எழுத வேண்டிய காலேஜ் காம்போசிஷன் போன்றவை தவிர மற்றவற்றில் எழுதி முடித்த உடனே மார்க் திரையில் வந்துவிடும். தேறாவிட்டால் மூன்று மாதம் கழித்து அதே பாடத்தை மறுபடி எழுதலாம்.

கட்டணம் சுமார் 100 டாலர். தேர்வு மையம் தனியாக ஒரு தொகை வாங்கும். இதையும் மிச்சப்படுத்த வழி இருக்கிறது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு கிளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பாடத்தை முழுதாக முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருவார்கள். எங்கள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜிலேயே (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) ஒரு பாடத்துக்கு 500 டாலருக்கு மேல் ஆகும்போது இது எத்தனை பெரிய உதவி என்று நீங்களே பாருங்கள்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். தேர்வு நடத்துகிறவர்கள் கிரெடிட் தருவதில்லை, கல்லூரிதான் தருகிறது. கையில் இருக்கும் மார்க் ஒரு செக் மாதிரி, அதைப் பணமாக்குவது கல்லூரியின் விருப்பம். ஒரு கல்லூரி 50-க்கே தரும், இன்னொன்று அதே பாடத்துக்குக் கூடுதல் மார்க் கேட்கும், மூன்றாவது கிளெப்பையே ஏற்காது. ஏற்கிற இடத்திலும் மொத்தம் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மளமளவென்று தேர்வுகளை எழுதித் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் கல்லூரி தேடினார். சேர்ந்த இடத்தில் பாதிக்கு மேல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பட்ட வருத்தத்தைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் பட்டம் தரப்போகிற கல்லூரியை முடிவு செய்யுங்கள். எந்தத் தேர்வு அவர்களுடைய எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கென்றே தொடங்கப்பட்டவை மூன்று. நியூயார்க் மாநிலம் 1971-ல் தொடங்கிய திட்டம்தான் இன்றைய எக்ஸெல்சியர் பல்கலைக்கழகம். 1972-ல் நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசன், 1973-ல் கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக். வேலையிலும் ராணுவத்திலும் குடும்பத்திலும் இருக்கிற பெரியவர்கள் பல இடங்களில் சேர்த்த கிரெடிட்டை ஒன்றாக்கிப் பட்டமாகத் தருவதுதான் இவற்றின் நோக்கம். மூன்றும் முறையான அங்கீகாரம் பெற்றவை. நான் படித்தது தாமஸ் எடிசனில். அறிமுகப் பாடம், கடைசியில் கேப்ஸ்டோன் எனும் நிறைவுப் பாடம் என்று சிலவற்றை மட்டும் அவர்களிடமே படிக்க வேண்டும், அதுவும் இணையத்திலேயே. ‘வாழ்க்கை அனுபவத்துக்கு உடனடி டிகிரி’ என்று விளம்பரம் செய்கிற இடங்கள் பக்கம் தயவுசெய்து போகவே வேண்டாம். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஊரில் படித்த படிப்பை வீண் என்று நினைக்காதீர்கள். மார்க்‌ஷீட்டுகளையும் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்டையும் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் அதிகாரபூர்வத் தொகுப்பு) கல்லூரி ஏற்கிற ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, பாடவாரியாக மதிப்பிடச் சொல்லுங்கள். பட்டம் முடியாவிட்டாலும் தேறிய பாடங்களுக்குக் கிரெடிட் கிடைக்கும். என் இரண்டு வருடப் படிப்பு இங்கே கணிசமாக உதவியது. டிரான்ஸ்கிரிப்ட் வாங்கத்தான் ஊரில் யாராவது அலைய வேண்டியிருக்கும். அந்த வேலையை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

எந்தப் பாடத்தில் தொடங்குவது? பி.காம். படித்த உங்களுக்கு நிதிக் கணக்கியல், மேலாண்மை, மைக்ரோ, மேக்ரோ பொருளாதாரம் எல்லாம் பழகிய பாடங்கள். அவற்றை முதலில் எழுதினால் தைரியம் வரும். எனக்குக் கணிதம் அப்படித்தான் கைகொடுத்தது. நம்மைச் சோதிப்பது அமெரிக்க வரலாறும் அமெரிக்க அரசியலும். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பரிச்சயமான விஷயங்கள் நமக்குப் புத்தம் புதிது. காலனிக் காலம், அரசியலமைப்பு, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சீரமைப்பு என்று வரிசையாகப் போக வேண்டும், துண்டு துண்டாகப் படித்தால் நிற்காது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். அமெரிக்க வரலாற்றை அதில் ஒவ்வொரு அத்தியாயமாகப் படித்து, அன்றன்றைக்குப் படித்ததை மூத்த மகளிடம் கதையாகச் சொல்வேன். யார், எப்போது என்பதைவிட ஏன் நடந்தது என்று கேட்கிற கேள்விகளே அதிகம் வந்தன. சொல்லிச் சொல்லிப் படித்தது அங்கேதான் உதவியது. எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போன பாடமும் அதுதான். இந்த நாட்டில் எதற்காக இப்படிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் புரிய ஆரம்பித்தது.

கிளெப்பை மட்டும் வைத்துப் பட்டத்தை முடிக்க முடியாது. அவை பெரும்பாலும் முதல் இரண்டு வருடத் தரத்துப் பாடங்கள். மேல்நிலைப் பாடங்களுக்கு டிஎஸ்எஸ்டி என்ற தேர்வுகளில் சில உதவும், தாமஸ் எடிசன் தானே நடத்தும் டிசெப் தேர்வுகளும் உண்டு. சோஃபியா, ஸ்டடி டாட் காம், ஸ்ட்ரெய்ட்டர்லைன் போன்ற தளங்களில் நம் வேகத்தில் படித்து முடிக்கிற பாடங்களும் இருக்கின்றன. அங்கேயும் கல்லூரி ஏற்குமா என்ற அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். இந்தக் கிரெடிட்டுக்குக் கிரேடு வராது, ஜிபிஏ என்கிற சராசரி மதிப்பெண்ணில் சேராது. பின்னால் மாஸ்டர்ஸ் படிக்க எண்ணம் இருந்தால் சில பாடங்களையாவது கிரேடு வருகிற மாதிரி கல்லூரியிலேயே படியுங்கள். சிபிஏ, அதாவது உரிமம் பெற்ற கணக்காளர் ஆக நினைத்தால், தேர்வு வழிக் கிரெடிட்டை எந்த அளவு ஏற்பார்கள் என்று உங்கள் மாநிலக் கணக்கியல் போர்டிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதவும் வசதி உண்டு. கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள், அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது கஷ்டம். கணவரையோ தோழியையோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ் மையத்துக்குப் போய்விடுங்கள். பதிவு செய்யும்போது பெயர் விஷயத்தில் கவனம். நம் மார்க்‌ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ சேர்ந்து வேறொரு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்து, கல்லூரி விண்ணப்பத்திலும் மதிப்பீட்டு நிறுவனத்திலும் அதையே பயன்படுத்துங்கள். பழைய பெயருக்கான ஆதாரத்தையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டால், மதிப்பீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் தாமதம் ஆகாது.