ஏடிவி வாங்குமுன் ஒருதரம் தூக்கிப் பாருங்கள்

சார், பெஸ்ட் ஏடிவி (ADV), அதாவது மண் ரோட்டிலும் ஓடும் அட்வென்ச்சர் பைக் எது? பட்ஜெட் பிரச்சினை இல்லை. (திருப்பூர்)

உங்கள் உயரம் என்ன, இதுவரை எந்த வண்டி ஓட்டினீர்கள், எங்கே போகப் போகிறீர்கள்? மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பிறகு பேசலாம்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450யா, கேடிஎம் 390 அட்வென்ச்சரா? தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை மனைவியோடு மலைப் பக்கம். (சேலம்)

கேள்வியை இப்படிக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். காகிதத்தில் பார்த்தால் ஹிமாலயன் சுமார் 40 குதிரைத்திறன், 196 கிலோ, 17 லிட்டர் டாங்க். கேடிஎம் 46 குதிரைத்திறன், 183 கிலோ, பதினாலரை லிட்டர். டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை) கிட்டத்தட்ட சமம், ஆனால் ஹிமாலயனில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே அது வந்துவிடும். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, ஏற்காடு வளைவில் அடிக்கடி கியர் மாற்றாமல் ஏற அது உதவும். கேடிஎம் துடிப்பான வண்டி, தனியாகப் போகிறவருக்கு அதன் அருமை தெரியும். உங்களுக்கு நான் ஹிமாலயன்தான் சொல்வேன், ட்யூப்லெஸ் ஸ்போக் வீலோடு. அதற்கு முன் நண்பர் யாராவது வைத்திருந்தால், புல்தரையில் படுக்கவைத்துத் தனியாகத் தூக்கிப் பாருங்கள். ஷோரூமில் இதைச் செய்ய விடமாட்டார்கள்.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஏடிவி ஓட்ட ஆசை. 'உனக்குக் கால் எட்டாது' என்கிறார்கள். (வாசகி, கோவை)

சொல்பவர்கள் சொல்லட்டும். இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்பது பஸ் ஸ்டாண்ட் சட்டம். சீட்டில் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இடது காலின் முன்பாதம் ஊன்றினால் போதும். வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். ஹிமாலயனுக்குத் தாழ்வான சீட் தனியாகக் கிடைக்கிறது, 805 மி.மீ. வரை இறங்கும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200இன் சீட் 825தான், ஆனால் எடை 160 கிலோவுக்குள். பழக அதுவே நல்லது. உயரத்தைவிட எடைதான் ஆளைத் தள்ளும். நீங்களும் ஒருதரம் தூக்கிப் பாருங்கள். சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் லிங்க் வாங்கி மாட்டாதீர்கள், வளைவில் தரை தட்டும்.

முன் சக்கரம் 21 அங்குலமா, 19ஆ? (மதுரை)

கல், மணல், சகதி என்றால் 21. தார் ரோடே அதிகம் என்றால் 19. மதுரை, கொடைக்கானல், மதுரை என்றால் 19.

லடாக்குக்கு 450 சிசி போதாது, 650ஆவது வேண்டும் என்கிறார் எங்கள் குரூப் அட்மின். (வேலூர்)

டக்கார் ராலியில் பைக்குகளுக்கு 2011 முதல் 450 சிசிதான் உச்ச வரம்பு. பாலைவனத்தில் நாளுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதில்தான் பறக்கிறார்கள். கேரளத்தின் ஹரித் நோவா 2024இல் ராலி 2 பிரிவை வென்றதும் அதற்குட்பட்ட வண்டியில்தான். அட்மின் அவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். 5,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து எந்த எஞ்சினும் பாதிக்குச் சற்று மேலான பலத்தோடுதான் ஓடும். அங்கே திணறுவது பெரும்பாலும் வண்டி அல்ல, ஓட்டுபவர். லேவில் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மேலே ஏறுங்கள்.

ஹிமாலயன் 450 புக் செய்திருக்கிறேன். ஜூலையில் மணாலி வழியாக லே. டெலிவரிக்கு முன்பே ஸ்டீல் கிராஷ் கார்டு, அலுமினியப் பேனியர் (பக்கவாட்டுப் பெட்டி) இரண்டு, டாப் பாக்ஸ், பெட்ரோல் கேன் இரண்டு, ஃபாக் லைட் நான்கு போட நினைக்கிறேன். பட்டியலில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? (சென்னை)

விட்டுப்போயிருக்கிறது. நீங்கள்.

ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் எதுவுமே பட்டியலில் இல்லையே! வாரம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது, எனக்கும் எழுதி எழுதிச் சலித்துவிட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லாம் கிடைக்கும். கிடைப்பதையெல்லாம் மாட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

கணக்குப் போடுவோம். இரண்டு பேனியரும் அதன் ராக்கும் காலியாகவே 18, 20 கிலோ வரும். டாப் பாக்ஸ் ஆறேழு, ஸ்டீல் கார்டு ஆறேழு, நிரப்பிய கேன்கள் ஒரு பத்து. ஒரு சட்டைகூட மடித்து வைக்கவில்லை, அதற்குள் 40 கிலோ ஏறிவிட்டது. 196 கிலோ வண்டி 240ஐத் தொடுகிறது. அதிலும் பாதிக்கு மேல் பின்சக்கரத்துக்குப் பின்னால், உயரத்தில். முன்பக்கம் லேசாகி, மணலிலும் கூழாங்கல்லிலும் ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது. சாய்ந்தால் தேர் சாய்ந்த மாதிரிதான், தூக்க ஊரே வர வேண்டும். வேகம் குறைந்து தடுமாறும்போது காலை ஊன்றுவீர்கள். வண்டி முன்னே நகர, பின்னால் வரும் உலோகப் பெட்டி கெண்டைக்காலில் ஏறும். கணுக்கால் முறிவு இப்படித்தான் வருகிறது. துணிப்பை போதும், அது மடங்கிக் கொடுக்கும்.

பெட்ரோல் கேன் எதற்கு? மணாலி-லே வழியில் தாண்டி (Tandi) என்ற ஊரின் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று போர்டே வைத்திருப்பார்கள், அதைப் படம் பிடித்துப் போடாத ரைடர் கிடையாது. உங்கள் டாங்க் 17 லிட்டர். லிட்டருக்கு 25 என்று குறைத்தே வைத்தாலும் 425 கி.மீ. ஓடும். தாண்டியில் நிரப்பிக்கொண்டால் லே போய்ச் சேரலாம். கேன் போட்டோவுக்குத்தான்.

நான்கு ஃபாக் லைட்டும் எதிரே வரும் லாரி டிரைவரின் கண்ணைக் குருடாக்கும். சத்தம் போடும் சைலன்ஸர் பட்டியலில் இல்லை என்பதே எனக்கு ஆறுதல். வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பேஷ் பிளேட் (எஞ்சினின் அடியைக் காக்கும் தகடு), லேசான எஞ்சின் கார்டு, கைக்கவசம் போடுங்கள். மீதிப் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், பஞ்சர் கிட், சின்ன ஏர் பம்ப், ஆஃப் ரோடு பயிற்சி ஒரு நாள். அந்தப் பயிற்சியில் முதலில் கற்றுத்தருவதே விழுந்த வண்டியைத் தூக்குவதுதான்.

மசினகுடிப் பக்கம் காட்டுக்குள் ஆஃப் ரோடு போக நல்ல 'சீக்ரெட் டிரெயில்' சொல்லுங்கள். (ஈரோடு)

சொல்லமாட்டேன். அது புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும், போட வேண்டும். யானை உங்கள் வண்டியின் சிசி கேட்டு வழி விடாது. கல்லட்டிச் சரிவில் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை இருப்பதும், பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடப்படுவதும் காரணத்தோடுதான். சகதி வேண்டுமென்றால் காசு கட்டிப் பயிற்சித் திடலுக்குப் போங்கள். ஆற்றுப்படுகையும் வேண்டாம், ஏரிக்கரையும் வேண்டாம்.

ஜிஎஸ்டி குறைந்தது என்றார்களே, 450க்கு விலை ஏன் குறையவில்லை? (தஞ்சாவூர்)

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. முன்பு செஸ்ஸோடு 31 இருந்தது. அதனால் 450க்கு வரி ஏறித்தான் இருக்கிறது. விலைதான் முக்கியம் என்றால் ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300ஐப் பாருங்கள், 299 சிசி.

மண் ரோட்டில் காற்றைக் குறைக்கலாமா? (தேனி)

குறைக்கலாம், 20 பிஎஸ்ஐ பக்கம். தார் ரோடு வந்ததும் மறுபடி ஏற்ற பம்ப் கையில் இருந்தால் மட்டும். பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கலாம், முன்னதைத் தொடாதீர்கள்.

பழைய ஹிமாலயன் 411 ஒன்று வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (திருநெல்வேலி)

ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) சீலில் எண்ணெய்க் கசிவு, ரிம்மில் நெளிவு, ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்குகிறதா என்பது. அடியில் குனிந்து பேஷ் பிளேட்டையும் பாருங்கள். அது பலமாக நசுங்கியிருக்க, விற்பவர் 'ஆபீஸுக்கு மட்டும்தான் ஓட்டினேன்' என்றால் வேறு வண்டி தேடுங்கள்.